நாக்கைக் காட்டினால் வருகை

“எங்கம்மாவோட தோல் படத்தைக் குடுங்க.”

உப்பள மருத்துவ அறையில் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டால் அங்கே அவள் வேலை போய்விடுமாம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டிருக்கவா படித்தேன்?

தினமும் உப்பள வாசலில் அவர்கள் தரும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கி, விழுங்கியதற்குச் சாட்சியாக இயந்திரத்திடம் நாக்கைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். மாதம் ஒருமுறை தோலையும் படம் பிடிப்பார்கள். அம்மாவின் கழுத்தில் மிளகு அளவில் இருந்த மச்சம் ஆறே மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மருத்துவ அறைச் சுவரிலோ ஒரு பலகை: ‘மாத்திரையால் தோல் புற்றுநோய் குறைகிறது. இந்த ஆண்டும் நம் தொழிலாளர் ஒருவருக்கும் இல்லை.’

நர்ஸ் ஜெபக்கனி திரையைத் தடவிப் பார்த்தார். “பேச்சித்தாய் மார்ச்சுலயே வேலைய விட்டு நின்னுட்டாங்களேம்மா.”

“சன்னல் வழியாப் பாருங்கக்கா. அந்தா வெயில்ல உப்பு வாருறது யாரு, அவங்க ஆவியா?”

அவர் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்தினார். “மச்சம் மாறுனா நிரந்தரப் பட்டியல்லருந்து எடுத்துத் தினக்கூலியில போட்டுருவாங்க. அப்புறம் அந்தப் பலகைக் கணக்குல வரமாட்டாங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிராத, தாயி.”

“இதுவரைக்கும் எத்தனை பேரு?”

“நாப்பத்தோரு பேரு.”

“அவங்களும் தினம் அந்த மாத்திரையத்தான முழுங்குறாங்க?”

நான் கதவைத் திறந்து வெயிலில் இறங்கினேன். அம்மாவின் கையில் இருக்கும் உப்பு வாரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேரே பெரியாஸ்பத்திரி. சத்தியத்தை மீறியதற்கு அவள் அடிக்கட்டும், பஸ்ஸில் ஏறியபிறகு.