எந்த வோக்லேர்?

கறுப்புக் கோட்டு மாட்டிய மேயர் அன்செல்ம் தெருமுனையில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, அரண்மனைப் பாதையில் திரும்பினார். அதுவரை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களெல்லாம் அப்பாடா என்று வாசலுக்கு வந்தார்கள்.

ஜெர்மன்காரனோடு போர் மூண்டதிலிருந்து இந்த ஊரில் இதுதான் வழக்கம். போர்முனையில் ஒரு பையன் செத்தால் தந்தி மேயருக்குத்தான் வரும். அவர்தான் கறுப்புக் கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பையன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

"அரண்மனைக்குப் போறாருடி! சின்னப் பிரபு கோந்த்ரான் போயிட்டாரு போலிருக்கு," என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"பாவந்தான். ஆனா நம்ம பக்கம் திரும்பலையே, அதைச் சொல்லு," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மேயரின் காதில் இது விழாமல் இல்லை. அவர் கோபப்படவில்லை, பையிலிருந்த தந்தியை எடுத்து இன்னொரு முறை படித்தார். 'சிப்பாய் வோக்லேர் இறந்துவிட்டார், குடும்பத்துக்குத் தெரிவிக்கவும்' என்று மட்டும்தான் தந்தியில் இருந்தது. எந்த வோக்லேர் என்று எழுத எந்தப் புண்ணியவானுக்கும் கை வரவில்லை.

இந்த ஊரில் வோக்லேருக்கா பஞ்சம்? ஊர்ப் பேரே வோக்லேர். அதை ஒட்டி ஓடும் ஓடையும் வோக்லேர். அரண்மனைக்காரர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வோக்லேர். போதாக்குறைக்குச் சலவைக்காரி மத்தூரின் வளர்த்த ரெமியும் வோக்லேர்.

ரெமி, பிறந்த மறுநாளே மாதா கோயில் வாசலில் கிடந்த பிள்ளை. கோந்த்ரானின் அப்பாவான பிரபு, படையோடு கடல் தாண்டி டோங்கின் தேசத்துக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இப்படிக் கண்டெடுத்த பிள்ளைக்கு ஊர்ப் பேரை வைப்பது வழக்கம்தான். ஆனால் பிரபுவின் அப்பா, "தெருவுல கெடந்ததுக்கு எங்க பேரா?" என்று தாம்தூம் என்று குதித்தார்.

மாதக்கணக்காய்க் காய்ச்சல் என்று படுத்திருந்த மருமகள் எலியோனோர்தான் பனியில் நடந்து வந்து, "ஊருக்கும் அதே பேர்தானே மாமா, இருந்துட்டுப் போகட்டும்," என்று கிழவரை அடக்கினாள். என்ன தங்கமான மனசு என்று ஊரே புகழ்ந்தது.

இப்போது கிழவரும் இல்லை, பிரபுவும் இல்லை. கோந்த்ரான் பெரிய இடத்துப் பிள்ளை, நினைத்திருந்தால் அதிகாரியாகவே போயிருக்கலாம். வீம்புக்கு வெறும் சிப்பாயாகச் சேர்ந்து, ரெமி இருக்கும் அதே படையில் போய் விழுந்தான்.

யார் என்று கேட்டு மேயர் படைக்குத் தந்தி அடித்துவிட்டார். பதில் வரும்வரை மூடி வைக்கலாமென்றால், தபாலாபீஸ் அம்மாவின் வாய் சும்மா இருக்குமா? அதனால் அரண்மனை அம்மாள் எலியோனோரிடம் முதலில் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். அவளுக்குத் தாங்கும் தெம்பு உண்டு. மத்தூரினுக்கோ ரெமியை விட்டால் வேறு நாதி இல்லை, அவளுக்குப் பதில் வந்தபிறகு தெரிந்தால் போதும்.

முற்றத்தில் கால் வைத்ததுமே அந்தத் திட்டம் மண்ணாய்ப் போயிற்று. அன்று அரண்மனையில் பெரிய சலவை. வேலையாட்கள் எல்லாரும் போருக்குப் போய்விட்டதால், ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையை மத்தூரினும் மறுமுனையை எலியோனோரும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இறுக்கிப் பிடிங்கம்மா. வெண்ணெய் தொட்ட கையாட்டம் வழுக்குது!"

"சரிதான், நீ வாயைக் குறைச்சுக் கையை முறுக்கு."

அப்போதுதான் இருவரும் கறுப்புக் கோட்டைப் பார்த்தார்கள். விரிப்பு சேற்றில் விழுந்தது.

"யாரு?" என்று மத்தூரின் அலறினாள். "எந்தப் புள்ள? சொல்லித் தொலைங்க மேயரே!"

"வோக்லேர்னு மட்டுந்தான் போட்டிருக்கான், மத்தூரின்." மேயர் தந்தியை நீட்டினார். "எந்த வோக்லேர்னு கேட்டு அனுப்பியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

மத்தூரின் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு திடீரென்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"நான் பாவிம்மா! என் புள்ளையா இருக்கக் கூடாது, உங்க புள்ளையா இருக்கட்டும்னு மாதாகிட்ட வேண்டிட்டேன். இந்த வீட்டு ரொட்டியைத் தின்னுட்டு இப்படி வேண்டிட்டேனே!"

மேயருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "மனசுல வெச்சுக்காதீங்கம்மா," என்றார் எலியோனோரிடம். "வளர்த்த பாசம், என்ன பேசறோம்னு தெரியாம பேசறா."

எலியோனோர் பட்டுப் பாவாடையோடு சேற்றில் உட்கார்ந்தாள். மத்தூரினின் இரண்டு கைகளையும் அடிக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டிக்கோடி. நல்லா வேண்டிக்கோ. உன்னால அதாவது முடியுது."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்று மேயர் கெஞ்சினார். "போனது ரெண்டுல ஒருத்தன்தான். உங்க புள்ள பிழைச்சிருக்கவும் பாதிக்குப் பாதி வழி இருக்கு. கடவுள் உங்களைக் கைவிட மாட்டாரு."

அவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"ரெண்டு பேரையும் பெத்தவ நான்தான்யா."