சுரங்கத்து முந்திரி

“சுரங்கம் இருந்த இடமா இது?” என்றபடி சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார்.

எதிரே மூன்று ஏக்கருக்கு முந்திரி கொத்துக் கொத்தாய்க் காய்த்துக் கிடந்தது. கூட வந்த தாசில்தார் ஜெயசுதா, “ஆமா சார். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம்” என்றார்.

ஓரமாய் நின்ற விவசாயி நல்லதம்பி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஜெயங்கொண்டம் பக்கம் நிலக்கரிக்கென்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலம் இது. கம்பெனி கைவிட்டுப் போனதும் அவரும் மனைவி அமிர்தவல்லியும் மறுபடி உழுது பயிர் வைத்தார்கள்.

சுரங்க நிலத்தைத் திருத்தியவர்களுக்கே அதைக் குத்தகைக்கு விடப்போவதாக இப்போது பேச்சு. அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

அதிகாரி பெரிய புளியமரத்து நிழலில் நின்றுகொண்டார். “மண்ணை எப்படிய்யா பழையபடி கொண்டு வந்தீங்க?”

“ஆட்டெரு போட்டோம் சார்.”

“குழி எவ்வளவு ஆழம் இருந்துச்சு?”

நல்லதம்பி விழித்தார். “ரெண்டடி சார். கன்னு வைக்க அது போதுங்க.”

“அவர் முந்திரி நட்ட குழியைச் சொல்றார் சார்” என்று ஜெயசுதா குறுக்கிட்டார். நல்லதம்பியை முறைத்தார். “நீங்க சும்மா இருங்க. நான் சொல்லிக்கிறேன்.”

அதிகாரி குனிந்து ஒரு கை மண் அள்ளி முகர்ந்து பார்த்தார். “பிரமாதம்! வெளிநாட்டுல கோடி கோடியாக் கொட்டியும் மண்ணு இப்படி வரல. குத்தகையை இவங்களுக்கே குடுத்துடுங்க.”

அமிர்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரி அவள் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

நல்லதம்பிக்கு மனசு கேட்கவில்லை. நிலம் கிடைத்துவிட்டது, ஆனால் நாளைக்கு இந்த மண்ணில் விளைந்ததை எப்படி நிம்மதியாகத் தின்பது? ஜீப்புக்குப் பின்னால் நின்ற ஜெயசுதாவிடம் போனார்.

“அம்மா, ஒரு நெசத்தை மறைச்சுட்டேங்க. உறுத்துது. அந்த சார்கிட்ட சொல்லிடட்டுங்களா?”

ஜெயசுதாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“மெல்லப் பேசுங்க. இங்க சுரங்கமே வெட்டலன்னு எனக்குத் தெரியாதா?”