வந்து போகிற வலி

"ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும்மா. கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. கேன்சரும் இல்ல" என்று டாக்டரம்மா ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்ததும், எதிரே உட்கார்ந்திருந்த சித்தாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

டாக்டருக்கு இது பழகிப்போனதுதான். கெட்ட செய்திக்குக் கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவர்கள்கூட நல்ல செய்திக்கு உடைந்துவிடுவார்கள். காலையிலிருந்து இந்த அறையில் அவள் வாயால் சொன்ன நல்லது இது ஒன்றுதான். அழுது தீர்க்கட்டும் என்று விட்டாள்.

"பொழச்சோம்னு சிரிக்கிற நேரத்துல யாராவது அழுவாங்களா? ஏம்மா, கூட வந்தவங்க நீங்களாவது சொல்லக் கூடாதா?"

கூட வந்தவள் சித்தாள் வேலை பார்க்கும் அதே கட்டடத்தில் செங்கல் சுமப்பவள். வேலையிடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். சற்று முன்புவரை வெளியே வரிசையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "எங்க நம்பர் வர்றதுக்குள்ள எனக்கும் ஒரு சீக்கு வந்துரும், ரெண்டு பேரையும் சேத்தே பாத்துரச் சொல்லுங்க" என்று டோக்கன்காரனிடம் அவள் சொன்னது உள்ளே வரை கேட்டது. இப்போது சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "சரி, வலி எப்ப வருது, எப்ப போகுது? அதச் சொல்லுங்க."

"நாலஞ்சு மாசமாவே இருக்கு டாக்டரம்மா. கலவைச் சட்டியத் தலைக்குத் தூக்கணும்னு கைய ஒசத்தினா போதும், ரெண்டு மாருலயும் கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். குப்புறப் படுக்க முடியாது. துணி பட்டாக்கூட எரியும்."

"மாதவிலக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சித்தாள் அழுகையை நிறுத்தி யோசித்தாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "முன்னாடிதான். வந்துட்டா விட்டுரும். போச்சுடா சனியன்னு நெனப்பேன். மறு மாசம் திரும்ப வந்து நிக்கும்."

"அவ்வளவுதான் விஷயம். ஒடம்புல ஹார்மோன் மாசாமாசம் ஏறி எறங்குது. ஏறுறப்ப மாரு வீங்கிக் கனக்கும், வலிக்கும். அப்புறம் தானா அடங்கிரும். எத்தனையோ பொம்பளைங்களுக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. இது ஆளக் கொல்ற வலி இல்லம்மா."

டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே பேசினாள். "லூசா தொங்குற பாடி வேணாம். நல்லாத் தாங்கிப் பிடிக்கிறதாப் போட்டுக்குங்க. வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க. தாங்க முடியாத அன்னிக்கு மட்டும் இந்த மாத்திரை. வலி வர்ற நாளக் காலண்டர்ல சுழிச்சு வச்சுப் பாருங்க, பயம் பாதி போயிரும். கட்டி ஏதாச்சும் தட்டுப்பட்டாலோ, ஒரே எடத்துல விடாம வலிச்சாலோ உடனே ஓடி வாங்க."

"போன தடவ வந்தப்ப நீங்க இந்தக் கேள்வியக் கேக்கலியே டாக்டரம்மா."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. சும்மா சொன்னாள். அன்று வாசல்வரைக்கும் கூட்டம். "எங்கம்மா மாருல கேன்சர் வந்துதான் செத்துச்சு" என்று இவள் ஆரம்பித்ததுமே டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மிஷின் பழுதாகி, சரியாகி, இவள் முறை வந்து சேர்வதற்குள் கட்டடத்தில் இன்னொரு மாடியே எழும்பிவிட்டது.

"ஸ்கேன் வராம எப்படிம்மா சொல்றது" என்றாள் டாக்டர். அது பாதி உண்மை என்று அவளுக்கே தெரியும்.

"அம்மா போனப்ப நான் சின்னப் புள்ள. அப்பன் அதுக்கு முன்னாடியே ஓடிட்டான். யார் யார் வீட்டு வாசல்லயோ படுத்து எந்திரிச்சேன். பொட்டப்புள்ள ஒருத்தி கேக்க ஆளில்லாமக் கெடந்தா என்னென்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்."

"உங்களுக்குப் புள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. அவளுக்கும் அப்பன் இல்ல. பத்தாவது படிச்சுக்கிட்டு இருந்தா. நல்லாப் படிப்பா."

டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினாள். இந்தமுறை சிரித்தாள். "அப்புறம் என்ன? அவளுக்கு அம்மா எங்கயும் போகல. மொதல்ல வீட்டுக்குப் போயி அவகிட்ட இதச் சொல்லுங்க. நாளைக்கு அவளுக்கே இப்படி வலிச்சாலும் உங்கள மாதிரி பயந்து சாக மாட்டா பாருங்க."

ரேடியோ சட்டென்று சுவரை விட்டுத் திரும்பி, சித்தாளின் தோளைத் தொட்டாள். "எந்திரிடி. போலாம்."

சித்தாள் எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் நீட்டிய சீட்டையே பார்த்தாள்.

"நான் செத்துட்டா அவளுக்கு நாதியில்லன்னு, போன வாரந்தான் அவள எங்க மேஸ்திரிக்கு ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்தேன் டாக்டரம்மா."