துரை கொடுத்த பதக்கம்

தர்மன் அதை மூன்றாவது முறையாகச் சட்டைக் கையால் துடைத்து, அரக்கு நிறப் பட்டுத் துண்டின் நடுவில் வைத்தார்.

பட்டு, அவர் மனைவியின் கல்யாணப் புடவையிலிருந்து வெட்டியது. அசல் காஞ்சிபுரம். வெட்டிய விஷயம் மனைவிக்கு இன்னும் தெரியாது. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரஸ்பிட்டேரியன் துரைமார் ஏரிக்கரையில் கட்டிய கோயிலுக்கு இது நூற்றைம்பத்தைந்தாம் ஆண்டு. அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொண்ட முதல் இராப்போஜனத்தில் பங்கெடுத்த குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுவதாக ஏற்பாடு.

யார் பெயர் முதலில் என்பதில்தான் தகராறு. பழைய பதிவேட்டைக் கரையான் தின்று ஏப்பம் விட்டு வெகுகாலம் ஆகிறது.

அவரவர் வீட்டுப் பழைய பொருளைக் கொண்டுவாருங்கள், ஆராதனை முடிந்ததும் பார்த்து முடிவு செய்யலாம் என்று போதகர் சொல்லிவிட்டார்.

வந்தன. அட்டை போன பாட்டுப் புத்தகம். கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடி. துரை உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் நாற்காலி. பச்சை பிளாஸ்டிக் வயர் பின்னியது.

அவற்றுக்கு நடுவே தர்மனின் பதக்கம். ஈயம். ஒரு பக்கம் 1871 என்று இருந்தது. அவருடைய தாத்தாவின் தாத்தா ஆசீர்வாதம்தான் ஊரின் முதல் விசுவாசி, அதை மெச்சித் துரை தன் கையாலேயே கொடுத்தது என்று தர்மன் ஆறு மாதமாகச் சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தார்.

மணியடிக்கும் முனிரத்தினம், காலனிக்காரர், வெறுங்கையோடு வந்து நின்றார்.

"எங்க வூட்ல ஒண்ணும் இல்லபா. பரண் மேல கூட ஏறிப் பாத்துட்டேன்."

"இருந்தாத்தானபா கிடைக்கும்" என்றார் தர்மன், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

சபை வரலாற்றைப் பேசச் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை பிரியதர்ஷினி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதக்கத்திடம் வந்ததும் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

கல்லில் முதல் வரி. தர்மன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இது பதக்கம் இல்லீங்க. டோக்கன்."

தர்மனுக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வந்தது.

பேராசிரியை பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் நினைத்தவர்கள் எல்லாம் இராப்போஜனத்துக்குப் போய் உட்கார்ந்துவிட முடியாது. முந்தின வாரம் சபை மூப்பர் வீடு வீடாகப் போய் நடத்தையை விசாரிப்பார். தகுதியானவர் கையில் இப்படியொரு ஈய வில்லையைக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார வேண்டும்.

"அப்ப எங்க ஆளுக்குத் தகுதி இருந்திருக்குது!" தர்மன் மேசையைத் தட்டினார். மூக்குக்கண்ணாடி குதித்தது.

"இருந்திருக்குங்க" என்றார் பேராசிரியை. போதகரைப் பார்த்தார். போதகர் தரையைப் பார்த்தார்.

தர்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. தகுதி இருந்தவருக்குக் கொடுத்தார்கள், சரி. போனவர் திருப்பிக் கொடுத்தார், அதுவும் சரி. ஆனால் வில்லை நம் வீட்டில் இருக்கிறதே? இந்த இடத்தில் இடித்தது. முதலிலிருந்து யோசித்தார். மறுபடியும் அங்கேயே வந்து இடித்தது.

கூட்டத்துக்கு இதற்கெல்லாம் இவ்வளவு நேரம் ஆகாது. வில்லை கையில் மிஞ்சியிருக்கிறது என்றால் அந்த ஆள் பந்திக்கே போகவில்லை என்று பின்வரிசையில் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள்.

"ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார் தர்மன். யாரும் கேட்கவில்லை. "மழைபா. அந்த வருஷம் ஏரி கூட ஒடைஞ்சிருக்கும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அத்தை ஞானசுந்தரிக்குக் காது மந்தம். மழை என்ற சொல்லும், பேச்சு தன் வீட்டு ஆளைப் பற்றியது என்பதும் மட்டும் பிடிபட்டு எழுந்தார்.

"மழையும் இல்ல, மண்ணும் இல்லடா தர்மா. எங்கப்பா சொல்லிக்கினே இருப்பாரு. ஆசீர்வாதம் தாத்தா கோயில் வாசல் வரைக்கும் போனாராம். உள்ள எட்டிப் பாத்தா கிண்ணம் ஒண்ணே ஒண்ணுதானாம். காலனிக்காரங்க வாய் வச்சுட்டு அடுத்தவங்ககிட்ட குடுக்கறாங்களாம். படியில கால் வைக்காம அப்படியே திரும்பி வந்துட்டாராம். அப்பேர்ப்பட்ட வம்சம்டா நம்மளுது!"

அத்தை அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெயரோடு இதையும் சேர்த்து வெட்டக் கல்லில் இடம் இருக்குமா என்று போதகரைக் கேட்கவும் செய்தார்.