கோகிலா தராத டப்பா

தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரிகளில் மாலை வெயில் மின்னுகிறது. வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வந்த சென்றாயன், ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கும் மகள் கோகிலாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மருந்தாளுநராக அவளுக்கு இது முதல் மாதம். மருந்து வாங்க வந்த, தலையில் துணி கட்டிய பானுமதி, போனில் ஒரு வைட்டமின் டப்பாவின் படத்தைக் காட்டுகிறாள். "சாப்பிட்டா தெம்பு வருமாம், ரெண்டு குடும்மா." அலமாரிக்குப் போன கோகிலாவின் கை நிற்கிறது. "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கக்கா?" பானுமதி தயங்கி, பையிலிருந்து புற்றுநோய் மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் எடுத்து வைக்கிறாள். கோகிலா அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். "இந்த வைட்டமின் ரொம்ப வீரியம்க்கா. உங்க மாத்திரை வேலை செய்யறதைக் கெடுத்தாலும் கெடுக்கும். டாக்டரைக் கேக்காம தரமாட்டேங்க." "வெறும் சத்து மாத்திரைதானே! எல்லாக் கடையிலயும் குடுக்கறாங்க!" பானுமதியின் குரல் உயர்கிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனாலும் கோகிலா டப்பாவை எடுக்கவில்லை. சீட்டிலுள்ள எண்ணுக்கு அவளே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, விஷயத்தைச் சொல்கிறாள். "வேண்டவே வேண்டாம்மா," என்கிறார் டாக்டர். "ட்ரீட்மென்ட் முடியற வரைக்கும் தொடக்கூடாது. நல்லவேளை, கேட்டீங்க." பானுமதி கோகிலாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "யாரு வூட்டுப் பொண்ணு கண்ணு நீ?" கோகிலா வாய் திறப்பதற்குள் சென்றாயன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்: "எம் பொண்ணுங்க!"