சிவப்புத் திரை

"இது என்ன அண்ணே, திரைச்சீலையா, பெயின்ட் அடிச்ச சுவரா? என் மடிப்பெல்லாம் எங்க போச்சு?"

தையல்காரி பிரின்ட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் அச்சகக்காரர் டீ டம்ளரை எட்டிப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு இருந்த அவசரம் அப்படி. ஒரு ஹோட்டல் முழுவதற்கும் திரைச்சீலை தைக்கும் வேலை, மாலைக்குள் இந்தப் படம் போய்ச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மடிப்பைப் பார்த்துத்தான் முடிவு என்று ஹோட்டல்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"போன்ல தெரியற சிவப்பு எங்க மைக்கு எட்டாதும்மா. எட்டாததையெல்லாம் மெஷின் ஒரே சிவப்பா அப்பிடுச்சு. மத்த கலரெல்லாம் அச்சு அசலா வந்திருக்கு பாருங்க. சுவர், தரை, ஓரத்துல அந்தக் கட்டில் கால் வரைக்கும்."

"கட்டில் காலையா விக்கப் போறேன்?"

"இன்னொரு வழியில மாத்தலாம். அதோட இங்கிலீஷ் பேரு என் வாயில நுழையாது. எல்லாக் கலரையும் கொஞ்சம் கொஞ்சமா அடக்கும். படம் லேசா மங்கும். ஆனா சிவப்புக்குள்ள இருக்கற மேடு பள்ளம் தப்பிக்கும்."

"சீக்கிரம் போடுங்க. வீட்டை வெளியே பூட்டிட்டு வந்திருக்கேன்."

"பூட்டின வீடு எங்கம்மா ஓடப்போகுது?"

அவள் சாவியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

புதுப் பிரின்ட் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான் என் கை வேலை."

இடமிருந்து ஒவ்வொரு மடிப்பாக விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் விரல் நின்றது.

"இதை நான் தைக்கல."

"காத்துல உப்பியிருக்கும்."

"காத்து எங்கிருந்து வரும்? பின்னாடி எங்க வீட்டு வெறும் சுவர். படத்துக்காக மாட்டினது. காலையில கிளம்பறப்போதான் எடுத்தேன். ஃபேன்கூட ஓடல."

அச்சகக்காரர் குனிந்தார். முதல் பிரின்ட்டில் அந்த இடம் வெறும் சிவப்பு. இரண்டாவதில், ஆள் உயரத்தில் தலை அளவுக்கு ஒரு உருண்டை, அதன் கீழே தோள். இடுப்பருகே, உள்ளிருந்து ஒரு கை இறுக்கிப் பிடித்ததுபோல் துணி சுருங்கியிருந்தது. அவர் போனைக் கையில் எடுத்தார்.

"பதறாதீங்கம்மா. போலீசைக் கூப்பிடலாம். நல்லவேளை, நீங்க வெளியே வந்துட்டீங்க. அவன் உள்ளே வசமா மாட்டிக்கிட்டான்."

அவள் கையிலிருந்த சாவியையே பார்த்தாள்.

"தங்கச்சிக்குக் காய்ச்சல் அண்ணே. மாத்திரை போட்டுத் தூங்கறா. கதவைத் திறக்க எழுந்திரிக்க வேண்டாமேன்னுதான் பூட்டினேன்."

அவள் விரல் மெதுவாகப் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"இந்தக் கட்டில்லதான்."