வெட்டி எறிந்த மௌனம்

கிர்கிஸ்தானின் ஓஷ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் புருல்சா, காலஞ்சென்ற அப்பாவின் இணைய விரிவுரைகளை வகுப்புக்கேற்பச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவும் கற்பித்த அந்தத் துறையில் குடும்பப் பெயர் மிஞ்சியிருந்தது அவற்றில்தான். மாணவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அவற்றை நீக்கிவிடப்போவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

வகுப்பு முழுதும் எழுந்து நிற்காமல் அப்பா வாய் திறக்கமாட்டார். வீடியோவிலும் அப்படியே காத்திருந்தார். இதற்கெல்லாம் இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று சலித்துக்கொண்டு, அந்த மௌனத்தை அவள் வெட்டி எறிந்தாள்.

மறுநாள் வகுப்புத் திரையில் அப்பா வந்தார். பேசவில்லை.

"என்ன எஜே, பெரியவருக்கு நெட் போயிடுச்சா?" என்றான் மாணவன் பெக்தூர். ஆசிரியையை 'எஜே', அதாவது அக்கா, என்றுதான் அங்கே அழைப்பார்கள்.

"சும்மா இருடா."

சுருக்கிய வீடியோவைத்தான் அவள் போட்டிருந்தாள். அப்பா கண் இமைத்தார். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நாங்கதான் எந்திரிச்சிட்டோமே எஜே, இன்னும் யாருக்காகக் காத்திருக்காரு?" என்றான் பெக்தூர்.

கணினிக்குப் பின்னால் புருல்சா களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பார்வை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மத்தவங்க உட்காரலாம்," என்றார் அப்பா.